நிழல் சார்

புதுச்சேரியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் தெய்வசிகாமணி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். நிழல் சார் என்று கேட்டால் உடனே வழி சொல்லிவிடுவார்கள்: உப்பளத்தில், ஸ்டேடியத்துக்குப் போகிற தெருவில், மாடிக் கைப்பிடிச் சுவர் பாதி கட்டி நின்றுபோன வீடு. ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் என்றாலே கசக்கும். பையன்கள் வைக்கிற பெயர்கள் அப்படி. இது சக ஆசிரியர்கள் மரியாதையோடு வைத்த பெயர். ஆனாலும் யாராவது 'நிழல் சார்' என்று கூப்பிட்டால் அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பேனா எப்போதும் இருக்கும். கூப்பிட்டவர் முகத்தைப் பார்க்காமலிருக்க ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டுமே.

பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் முதல் சர்க்கார் உத்தியோகம் அவருடையது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் வகுப்பின் புகழ் ஒன்றுதான்: அமைதி. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றால் மின்விசிறியின் முனகல் மட்டும் கேட்கும். கேள்வி என்பது அவரைப் பொறுத்தவரை ஆசிரியர் கைக்குள் மூடி வைத்திருக்கும் பொருள். கையில் என்ன இருக்கிறது என்று பிள்ளை சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னால் உட்காரலாம். இந்த முறையில் படித்த பலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று அவர் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அவர்களில் யாரும் அவரைத் தெருவில் பார்த்தால் நின்று பேசுவதில்லை.

அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் விளையாட்டுக் கேள்வி வந்தது. தினமும் காலையில் சரியான விடையே இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும்; பிள்ளைகள் என்ன சொன்னாலும் சரி, தப்பு என்று சொல்லக் கூடாது; அவர்கள் யோசிக்கும்வரை ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பயிற்சி கொடுக்க வந்தவர் சூசான் மேடம். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீட்டுப் பெண். பாரிசில் சில வருஷம் படித்துவிட்டுத் திரும்பியவர். தமிழை நன்றாகப் பேசுவார், நன்றி மட்டும் 'மெர்சி' என்றுதான் வரும். பிள்ளைகளைச் சுதந்திரமாகச் சிந்திக்க வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்தது. சுற்றறிக்கை வந்தபிறகு சுதந்திரத்துக்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியுமா? தெய்வசிகாமணி கீழ்ப்படிந்தார்.

முதல் நாள், பென்சிலுக்குக் கோபம் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டார். நாலாம் வகுப்பு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தது. பதில் வழக்கமாக அங்கேதான் எழுதப்படும். இனியவன் என்ற பையன் மட்டும் எழுந்து, இது எத்தனை மார்க் கேள்வி என்று விசாரித்தான். அந்த மௌனத்தை ஆசிரியரால் தாங்க முடியவில்லை. 'முனை உடையும்' என்று அவரே சொல்லிவிட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் குடைக்குக் கோபம் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டபோது வகுப்பே ஒரே குரலில், 'முனை உடையும்' என்றது.

பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டார். சில மாதத்தில் வகுப்பே ஆள் மாறிவிட்டது. காலையில் கேள்வியைப் போட்டால் மீன் மார்க்கெட் மாதிரி இரைச்சல். தலைமை ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது சத்தமா சிந்தனையா என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த இரைச்சல் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேள்விகள் எல்லாம் சூசான் மேடம் போனில் அனுப்புபவை. அந்தக் கேள்விகளுக்கு அவர் மனசில் ஒருநாளும் ஒரு பதிலும் வந்ததில்லை. பென்சில், குடை, பேருந்து, நிலா எதுவாக இருந்தாலும் சரி, பிள்ளைகள் யோசிக்கும் அந்தச் சில நிமிஷம் அவரும் கூட நின்று யோசித்துப் பார்ப்பார். உள்ளே ஒன்றும் அசையாது. இத்தனை வருஷம் மற்றவர்கள் வாயைப் பொத்தச் சொன்னவருக்குத் தன் வாயும் அப்படியே பொத்திக்கொண்டுவிட்டதோ என்று ஒருமுறை தோன்றியது. அதுவும் கேள்வியாகத் தோன்றியதே தவிரப் பதிலாக இல்லை.

அந்த வகுப்பில் துர்கா என்ற பெண். வைத்திக்குப்பத்திலிருந்து வருபவள், அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மாலா கூடையில் மீன் வைத்துத் தெருமுனையில் விற்பவள். ஒருநாள் காலைக் கேள்வி: நிழலுக்குப் பசித்தால் நமக்கு எப்படித் தெரியும்?

துர்கா உடனே சொல்லவில்லை. மற்றவர்கள் கத்தி ஓயும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"காலைல நமக்குப் பால் குடுக்கறாங்க இல்ல சார், அதுவும் குடிச்சிடுது. அதான் நீட்டா இருக்குது. மத்தியானம் சோத்து வண்டி வருது, அதுல அதுக்குப் பங்கு வரல. சுருண்டுபோயி நம்ம காலுக்குக் கீழ படுத்துக்குது."

"சாயந்தரம் மறுபடியும் பெருசாவுதே?" என்றான் இனியவன், விடாமல்.

"வீட்டுக்குப் போனா அம்மா போடுவாங்க இல்ல?"

அன்று மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்ததும் பிள்ளைகள் தட்டோடு வெயிலில் நின்று காலடியைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு பையன் கொஞ்சம் சாம்பார் சோற்றைத் தன் நிழல்மேல் வைத்து அடி வாங்கினான். தெய்வசிகாமணியும் யாரும் பார்க்காதபோது தன் காலடியைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதப் பயிற்சிக் கூட்டத்தில் சூசான் மேடம் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார். இத்தனை நாள் பிள்ளைகளைக் கேட்டீர்களே, இன்று நீங்கள் சொல்லுங்கள் என்று நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். கேள்வி அதே நிழல். சேதராப்பட்டுப் பள்ளியிலிருந்து வந்த டீச்சர் சிரித்து மழுப்பினார். இன்னொருவர், நிழல் உயிரற்ற பொருள், அதற்குப் பசிக்க வாய்ப்பில்லை என்று எழுந்து நின்று அறிவித்தார். வட்டத்தில் முறை தெய்வசிகாமணியை நோக்கி நகர்ந்து வந்தது. பக்கத்து நாற்காலிக்கு வந்தபோது அவர் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. பையனாக இருந்த காலத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க முறை வந்தபோது இருந்த அதே ஈரம்.

அவர் முறை வந்தது. பாலையும், சோற்று வண்டியையும், வராத பங்கையும் சொன்னார். துர்காவைவிட நன்றாகவே சொன்னார், நடுவில் கொஞ்சம் நிறுத்தி. கூடம் கைதட்டியது.

"எப்படி சார் தோணுச்சு இது?" என்றார் சூசான், உண்மையான ஆச்சரியத்தோடு.

'பிள்ளை ஒன்று சொன்னது' என்பது அவர் நாக்கு நுனியில்தான் இருந்தது. பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தபோதும் அது அங்கே இருந்ததாகவே அவருக்கு ஞாபகம்.

"தோணுச்சு மேடம். அவ்ளோதான்."

டீ நேரத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தார். டீ வருவதற்குள் யாரோ எடுத்த வீடியோ எல்லா ஆசிரியர் குழுக்களிலும் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வரும்போது மனைவி சுமலதா அதை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்களுக்காங்க தோணுச்சு?" என்றாள்.

ஏன், எனக்குத் தோணாதா என்று அவர் எரிந்து விழுந்தார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விடை இல்லாத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மற்றப் பள்ளிகளில் ஆசிரியர்கள் நிழல் கேள்வியைக் கேட்டார்கள். பிள்ளைகள் என்னென்னவோ சொன்னார்கள். இல்லை இல்லை, மத்தியானம் என்ன வண்டி வரும், நல்லா யோசி என்று தள்ளிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். ட்யூஷன் எடுக்கிறவர்கள் அதைச் சொல்லி எழுத வைத்தார்கள். நிழல் சார் என்ற பெயர் வந்தது அப்போதுதான். முதலில் கேட்டபோது அவருக்குக் காது மடல் சுட்டது. பெருமை என்று சுமலதா நினைத்தாள்.

ஜனவரியில் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து சிந்தனை விழா ஒன்று நடத்தின. அவர் வேறு யாரையாவது அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் துர்காவைத்தான் அனுப்பினார். நடுவர் சூசான் மேடம். மேடையில் துர்கா ஏறியதும், நிழல் சாருடைய பள்ளியா, அப்படியானால் அவருக்கு மரியாதை செய்கிற மாதிரி அதே கேள்வியைக் கேட்போம், சிஷ்யை புதிதாக என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்றார் சூசான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

துர்காவின் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி. பால், வண்டி, பங்கு என்று தன் பதிலை ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடத்தில் ஒரு செல்லச் சிரிப்பு ஓடியது. குழந்தை மனப்பாடமாகச் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"அது உங்க சார் சொன்னதும்மா, எல்லாருக்கும் தெரியும்," என்றார் சூசான் கனிவாக. "காப்பி அடிக்காம நீ உன்னோடது சொல்லு பாக்கலாம்."

துர்கா மேடையிலிருந்து தெய்வசிகாமணியைத் தேடிப் பார்த்தாள். அவர் இரண்டாவது வரிசையில்தான் இருந்தார். எழுந்து நின்றால் போதும். பேசக்கூட வேண்டாம், எழுந்து நின்றாலே என்னவென்று கேட்பார்கள். அவர் பேனா இருக்கிறதா என்று பார்த்தார். நிமிர்ந்தபோது மேடையில் வேறு பள்ளிப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த துர்கா அஜந்தா சிக்னல் தாண்டியதும் கேட்டாள்.

"சார், அத நீங்க எப்ப சார் எங்களுக்குச் சொன்னீங்க?"

எதை என்று கேட்டார், தெரியாதவர் மாதிரி.

"நிழலு. நீங்க சொன்னத நான் கேட்டுட்டு, மறந்துபோயி, நானே யோசிச்சதா நெனச்சிக்கிட்டேன் போல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியாம செஞ்சிட்டேன் சார்."

தெய்வசிகாமணி தன் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் அதிகமில்லை. இருந்தவற்றில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் வராது. அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"பரவால்ல."

திருட்டுக் கொடுத்தவளைத் திருடியவர் மன்னித்தார். பெருந்தன்மையாக, தலையைக்கூடத் தடவிக்கொடுத்தார். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனார். மாலா அவரைப் பார்த்ததும் கூடைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"எம்பொண்ணு உங்க பதிலையே போயி சொல்லி மானத்த வாங்கிட்டாளாமே சார். பக்கத்து வூட்டுப் புள்ள வந்து சொல்லிச்சு. வெளக்கமாறு பிய்யற மாதிரி குடுத்தேன். இனிமே செய்ய மாட்டா."

ஏம்மா அடிச்ச என்றார். அடிக்காமல் என்ன செய்வது, வாத்தியார் யோசித்ததை எடுத்துக்கொண்டுபோய்த் தன்னுடையது என்று சொல்வாளா என்று மாலா நியாயம் கேட்டாள். பிறகு சங்கரா மீனை நிறுத்துப் போட்டு, அதற்கு மேல் இரண்டு மீனைக் கொசுறாக வைத்தாள். வேண்டாம் என்று அவர் கையை மறித்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து மூன்றாவது ஒன்றையும் வைத்தாள். அவ்வளவையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். சுமலதா குழம்பு வைத்தாள். வயிறு சரியில்லை என்று அவர் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சூசான் மேடத்துக்குப் போன் செய்தார். அந்தப் பதில் என்னுடையது இல்லை, என்னிடம் படிக்கிற பெண் சொன்னது என்றார். வார்த்தை தெளிவாகத்தான் வந்தது. ஆனால் மறுபக்கம் ஒரு சிரிப்பு. பிள்ளைகள்தான் சார் நமக்கு எல்லாம் சொல்லித் தருகிறார்கள், நீங்கள் அதை ஒத்துக்கொள்கிறீர்களே அதுதான் பெரிய விஷயம், மெர்சி சார் என்றார் சூசான். அப்படி இல்லை மேடம் என்று இவர் இழுத்தார். அவ்வளவு அடக்கம் வேண்டாம் சார் என்று அவர் முடித்தார். ராத்திரிக்குள் குழுவில் செய்தி வந்துவிட்டது: தன் புகழை மாணவியின் காலடியில் வைக்கும் நிழல் சார். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொன்னதால் பெயர் இன்னும் உயர்ந்த ஆசிரியர் ஊரிலேயே அவராகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் கேள்வி கேட்கவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்று, நிழல் பதில் துர்காவுடையது, நான் அதை என்னுடையது என்று கூட்டத்தில் சொன்னேன், அன்றைக்கு மேடையில் அவளைக் காப்பி என்று சொன்னபோதும் சும்மா இருந்தேன் என்றார்.

வகுப்பு அவரைப் பார்த்தது. இனியவன் எழுந்தான்.

"ஏன் சார் எடுத்தீங்க?"

அவருக்கு வழக்கம்போல் பதில் வரவில்லை. ஆனால் இத்தனை மாதமாகப் பழகிய பிள்ளைகள் அதைக் காலைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கைகள் உயர்ந்தன. சார் தன்னோட பதில வூட்லயே மறந்து வச்சிட்டாரு என்றது ஒரு குரல். மேடம் மொறச்சாங்க, அதான் என்றது இன்னொன்று. சாருக்குப் பசி, அவருக்கும் பங்கு வரல என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு பதிலும் அவரைக் காப்பாற்றத்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் கூசிப்போனார். சரி, தப்பு என்று சொல்லக் கூடாது என்பது விதி. எல்லாமே தப்பு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

துர்கா மட்டும் கை தூக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"சொன்னேன். நம்பல."

"போன் போட்டுக் குடுங்க. நான் சொல்றேன்."

அவர் போட்டுக் கொடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னது இனியவன். போன் மணி அடிக்கும் நேரம் முழுக்கத் தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நான் துர்கா. அன்னிக்கு மேடையில நிழலு சொன்னேன் இல்ல. அது என்னோடது. சார் எடுத்துக்கிட்டாரு."

"சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. தலையக் குனிஞ்சிட்டு நிக்கறாரு."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னார் சூசான். இந்த முறை சிரிப்பு இல்லை. நிஜமா சார் என்றார். ஆமாம் மேடம் என்றார் இவர். இந்தத் தடவை அதில் அடக்கம் என்று எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. போனைத் திரும்பப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார்.

"உன்ன காப்பின்னு சொன்னது நான்தானே. என் தப்பு துர்கா."

"இல்ல மேடம்," என்றாள் துர்கா, திருத்துகிற குரலில். "சாரோடது."

மாலாவிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "அடிச்சுப்புட்டேனே சார்" என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் அவருக்கு மீன் எடைக்குச் சரியாகத்தான் வருகிறது. சூசான் மேடம் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினார். கும்பிடும் கைகள் ஒன்றும் விழவில்லை. அடுத்த பயிற்சிக்கு அவரைப் பேச அழைக்கவில்லை. பெயர் மட்டும் போகவில்லை. முன்பு மரியாதைக்குச் சொன்னவர்கள் இப்போது வேறு விதமாகச் சொல்கிறார்கள். எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

காலைக் கேள்விகளை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். துர்காதான் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தாள். கேட்டால், தெரியல சார் என்பாள், பாடக் கேள்விக்குச் சொல்வது மாதிரி. அவர் வற்புறுத்தவில்லை. தினமும் அவள் பெஞ்சைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பார்.

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், அலை ஏன் வந்து வந்து திரும்பிப் போகிறது, எதை மறந்து வைத்துவிட்டது என்று ஒரு கேள்வி. இது போனில் வந்ததல்ல. பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது. இரைச்சலெல்லாம் ஓய்ந்தபிறகு துர்கா கை தூக்கினாள். அவள் சொன்னதைக் கேட்டு இனியவன்கூட எதிர்க்கேள்வி போடவில்லை. தெய்வசிகாமணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த வாரம் சூசான் போன் செய்தார். புதுப் புத்தகம் ஒன்று போடுகிறோம், துர்கா ஏதாவது சொன்னாளா, அவள் பெயரோடு, படத்தோடு போடலாம் என்றார்.

"சொன்னா மேடம்."

"என்ன சார் சொன்னா?"

"அவளக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இடைவேளையில் கேட்டார். பெயர் போடுவார்கள், படம் வரும், அம்மாவிடம் காட்டலாம் என்று எல்லாவற்றையும் நேர்மையாக எடுத்துச் சொன்னார். துர்கா அவிழ்ந்த ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னலை முடிந்தபடி யோசித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"வேணாம் சார்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார்.

"கேட்டேன் மேடம். குடுக்க மாட்டாளாம்."

நீங்களாவது சொல்லுங்கள் சார், நீங்களும் கூட இருந்து கேட்டீர்கள்தானே என்றார் சூசான்.

"கேட்டேன் மேடம்," என்றார் தெய்வசிகாமணி, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.